ரெய்டு விளையாட்டு வாங்குமுன் தலைகளை எண்ணுங்கள்

கேள்வி: நாங்கள் ஏழு நண்பர்கள். வாரத்தில் இரண்டு இரவுகள் சேர்ந்து விளையாட முடியும். ரெய்டு (பலர் சேர்ந்து பெரிய எதிரிகளை வீழ்த்தும் சண்டை) உள்ள ஓர் ஆன்லைன் ரோல்பிளேயிங் விளையாட்டை எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்க நினைக்கிறோம். ஏழு கணக்கு, ஏழு சந்தா என்பதால் தவறான தேர்வு செய்துவிடுவோமோ என்று தயக்கமாக இருக்கிறது. எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பதில்: கிராஃபிக்ஸ், கதை, சண்டை முறை ஆகியவற்றை ஏற்கெனவே ஒப்பிட்டுப் பார்த்திருப்பீர்கள். விளம்பரங்களில் கண்ணில் படாத ஓர் எண் உண்டு. உங்கள் குழுவுக்கு அதுதான் முக்கியம். ஒரு ரெய்டுக்குள் எத்தனை பேர் நுழைய வேண்டும், அந்த எண்ணிக்கை கறாரானதா அல்லது நெகிழ்வானதா என்பதே அது.

டெஸ்டினி 2 விளையாட்டில் ரெய்டு ஆறு பேருக்கானது. ஏழு பேர் உள்ள குழுவுக்கு இதைவிடச் சங்கடமான எண் கிடையாது. ஒவ்வோர் இரவும் யாரோ ஒருவர் வெளியே உட்கார வேண்டும், அது பெரும்பாலும் வாய்திறந்து கேட்கத் தெரியாத ஒரே நபராகவே இருப்பார். கில்டு வார்ஸ் 2 பத்துப் பேர் கேட்கிறது, எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் ட்ரையல் எனப்படும் ரெய்டுகள் பன்னிரண்டு பேர் கேட்கின்றன. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டின் நார்மல், ஹீரோயிக் என்ற கடினநிலைகளில் உள்ள ரெய்டுகள் 10 முதல் 30 பேர் வரை எத்தனை பேர் வந்தாலும் அதற்கேற்ப பாஸின், அதாவது பெரிய எதிரியின், உயிர்ப்புள்ளிகளைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஆனால் பத்துக்குக் கீழே அது இறங்கிவராது என்பதால் ஏழு பேரும் பத்துப் பேரின் வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். ஃபைனல் ஃபேண்டஸி 14, ஸ்டார் வார்ஸ் தி ஓல்டு ரிபப்ளிக் ஆகிய இரண்டிலும் எட்டுப் பேர் ரெய்டு உண்டு. உங்களுக்கு நெருக்கமானவை இவை இரண்டும்தான். நான் முதலாவதைத் தேர்ந்தெடுப்பேன். ஆனால் அதில் பணம் கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன.

எட்டுப் பேர் என்றால் எந்த எட்டுப் பேரும் என்று பொருள் இல்லை. அடியைத் தாங்கும் டேங்க் இருவர், குணப்படுத்தும் ஹீலர் இருவர், தாக்கும் டிபிஎஸ் நால்வர் என்பதே அங்கு வழக்கமான அமைப்பு. உங்கள் எழுவரில் எத்தனை பேர் ஹீலராக இருக்க மனமுவந்து ஒப்புக்கொள்வார்கள் என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஐந்து பேர் வாள் ஏந்தத் துடித்தால், நீங்கள் தேட வேண்டியது ஓர் எட்டாவது ஆளை அல்ல, இரண்டு மூன்று பேரை.

அந்த எட்டாவது ஆளை, அந்நியர்களைத் தேடிச் சேர்க்க உதவும் பார்ட்டி ஃபைண்டர் வழியாகப் பிடித்துவிடலாம் என்று தோன்றும். பிடிக்கலாம்தான், ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. நீண்ட காலம் இருந்த விதி இது, இன்றும் அப்படியேதானா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வெளியான, சாவேஜ் எனும் கடினநிலை ரெய்டில், அந்த வாரம் அந்தப் பாஸை இன்னும் வீழ்த்தாத எட்டுப் பேர் சேர்ந்து வென்றால் லூட் எனும் பரிசுப் பொருள்கள் உள்ள இரண்டு பெட்டிகள் கிடைக்கும். ஏற்கெனவே வென்ற ஒருவர் குழுவில் இருந்தாலே ஒரு பெட்டி போய்விடும். அப்படிப்பட்டவர்கள் ஐந்து பேர் ஆனால் பெட்டியே இல்லை. உதவிக்கு வரும் அனுபவசாலி உங்கள் லூட்டில் பாதியைத் தன்னோடு கொண்டுபோய்விடுகிறார் என்று பொருள். ஆகவே ஒவ்வொரு வாரமும் அந்நியர் ஒருவரைத் தேடுவதைவிட, நிரந்தரமாக எட்டாவது நண்பர் ஒருவரைச் சேர்ப்பதே சிக்கனம்.

இந்த விளையாட்டின் இலவச ட்ரையல் 70ஆம் நிலை வரை செல்கிறது, அதற்கு நாள் கணக்கும் இல்லை. உடனே ஏழு பேரும் வாங்க வேண்டாம். ட்ரையல் கணக்கு வைத்திருப்பவர் தாமாகப் பார்ட்டி அமைக்க முடியாது, ஃப்ரீ கம்பெனி எனும் வீரர் சங்கத்தில் சேரவும் முடியாது என்பதால், ஒருவர் மட்டும் முழு விளையாட்டை வாங்கி மற்ற அறுவரையும் அழைத்துச் செல்லட்டும். முழுக் கணக்காக மாறியவர் மறுபடி ட்ரையலுக்குத் திரும்ப முடியாது என்பதை அந்த ஒருவருக்குச் சொல்லிவையுங்கள். புதிய ரெய்டுகளை அடைய முதன்மைக் கதையை முடித்தாக வேண்டும், அது நூற்றுக்கணக்கான மணி நேரம் பிடிக்கும். கதையைத் தாண்டிச் செல்லும் பொருளை நிறுவனமே தனியாக விற்கிறது. ஏழு பேருக்கும் அதையும் வாங்கினால் வரும் தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு அவசரப்படுங்கள்.

கேள்வி: உண்மையான ரெய்டு என்றால் நாற்பது பேர் ரெய்டுதான், இப்போது இருப்பதெல்லாம் குழந்தை விளையாட்டு என்கிறார் என் அண்ணன். வார்கிராஃப்டின் பழைய வடிவமான கிளாசிக்குக்கு மட்டும் தனியாகச் சந்தா கட்டலாமா?

பதில்: தனியாகக் கட்டத் தேவையில்லை. வழக்கமான வார்கிராஃப்ட் சந்தாவே கிளாசிக்கையும் உள்ளடக்கியது. ஆகவே அண்ணனின் கூற்றைச் சோதித்துப் பார்க்க ஒரு மாதச் சந்தா போதும்.

அண்ணன் சொல்வதில் பாதி உண்மை உண்டு. 1999இல் வந்த எவர்க்வெஸ்டில் தொடக்கத்தில் கூட்டத்துக்கு எல்லையே இருக்கவில்லை. பின்னர் 72 என்றும், அதன்பின் 54 என்றும் வரம்பு வைத்தார்கள். 2004இல் வார்கிராஃப்ட் வந்தபோது மோல்ட்டன் கோர் என்ற ரெய்டு நாற்பது பேருக்கானது. நாற்பது பேர் ஒரே குகைக்குள் ஓடும் காட்சிக்கு ஈடு இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நாற்பதில் ஐந்தாறு பேர் தூங்கினாலும் பல பாஸ்கள் விழுந்துவிடும். தனி ஆளின் தவறு கூட்டத்தில் கரைந்துபோகும். 2019 ஆகஸ்டில் கிளாசிக் வெளியானபோது ஒரு வாரத்துக்குள்ளேயே மோல்ட்டன் கோரின் கடைசிப் பாஸை வீழ்த்திவிட்டார்கள். கடினம் சண்டையில் இல்லை, நாற்பது பேரை ஒரே இரவில் ஒன்றுசேர்ப்பதில்தான் இருந்தது. அத்தனை பேருக்கும் விழுவதோ ஒரு கைப்பிடிப் பொருள்கள்; எவர்க்வெஸ்ட் கில்டுகள் (வீரர் சங்கங்கள்) டிகேபி என்ற புள்ளிக் கணக்கை உருவாக்கியதே அந்தப் பங்கீட்டுச் சண்டையைத் தீர்க்கத்தான்.

அதனால்தான் எண்ணிக்கை தொடர்ந்து சுருங்கியது. வார்கிராஃப்டில் அது 2007இல் 25 ஆனது. 2008 முதல் ஒவ்வொரு ரெய்டும் 10, 25 என இரு அளவுகளில் வந்தது. 2010இல் இரண்டு அளவுகளுக்கும் ஒரே தரமான லூட் என்று அறிவித்ததும், கூட்டிச் சேர்க்க எளிதான பத்தின் பக்கமே பல கில்டுகள் சாய்ந்தன. நாற்பது பேரை மீட்டுக்கொண்டுவரும் ஆசையோடு 2014இல் வைல்டுஸ்டார் என்ற விளையாட்டு வந்தது. 2018 நவம்பரில் அதன் சர்வர்களை மூடிவிட்டார்கள். மூடியதற்குக் காரணம் ரெய்டு அளவு மட்டுமே என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அந்த ஆசையை நம்பி வாங்கியவர்களின் கையில் இன்று எதுவும் மிஞ்சவில்லை.

கேள்வி: எங்கள் கில்டு இதுவரை வார்கிராஃப்டில் ஹீரோயிக் மட்டும் விளையாடியது. பன்னிரண்டு பேர் வந்தாலும் போவோம், பதினாறு பேர் வந்தாலும் போவோம். இப்போது அதைவிடக் கடினமான மிதிக் நிலைக்கு மாறுகிறோம், புதிதாக ஆள் சேர்க்கிறோம் என்கிறார் தலைவர். இந்த நேரத்தில் நான் ஆறு மாதச் சந்தாவாகக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இரண்டு மாதங்கள் மாதாமாதம் கட்டிப் பாருங்கள்.

மிதிக் 2014 முதல் சரியாக இருபது பேருக்கானது. பத்தொன்பது பேரோடு போனாலும் பாஸ் உங்களுக்காக இறங்கிவராது. கில்டில் ஒவ்வொருவரும் பத்தில் ஒன்பது இரவுகள் தவறாமல் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல வருகைதான். ஆனால் இருபது பேர் மட்டுமே இருந்தால், இருபது பேரும் ஒருசேர வரும் இரவுகள் நூறில் பன்னிரண்டுதான் தேறும். எட்டுப் பேர் குழுவுக்கு அதுவே நாற்பத்து மூன்று. எனவே தலைவர் கூடுதலாக மூன்று பேரைச் சேர்த்து இருபத்து மூன்று பேராக வைத்தால், நூறில் எண்பது இரவுகள் ரெய்டு நடக்கும். எட்டுப் பேர் குழுவுக்கு ஏறக்குறைய அதே நம்பகம், அதாவது எழுபத்தேழு, ஒரே ஓர் உபரி ஆளோடு கிடைத்துவிடுகிறது. இப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி தெளிவாகியிருக்கும்: அந்த மூன்று உபரி ஆட்களில் நீங்களும் ஒருவரா?

இருபது பேர் கட்டாயமான ஒரு ரெய்டுக் குழுவில் நானும் இருந்தேன். ஒருநாள் பத்தொன்பது பேர் வாசலில் நின்றோம். தலைவர் தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பிக்கொண்டிருக்க, எங்கள் டேங்க் வாசலுக்கு அருகில் இருந்த குளத்தில் தூண்டில் போட்டு மீன் பிடிக்கத் தொடங்கினார். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு எல்லோரும் கலைந்தோம். அடுத்த வாரம் இருபத்திரண்டு பேர் வந்ததால் நான் வெளியே உட்கார்ந்தேன். இரண்டு வாரத்துக்கும் சந்தா ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆகவே தலைவரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். வெளியே உட்காருபவர் முறைவைத்து மாறுவாரா, அல்லது ஒரே ஆள்தானா? அன்று உட்கார்ந்தவருக்கு லூட் பங்கீட்டில் வருகைக் கணக்கு உண்டா? ரெய்டு தொடங்கும் நேரம், உங்கள் வேலை முடிந்து வீடு வந்து சாப்பிட்டு உட்காரும் நேரத்துக்குப் பிறகா? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் கேட்க மறக்கிறார்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இன்றே நிறுத்திவையுங்கள். பொதுவாக அப்படி நிறுத்தினாலும் பணம் கட்டிய காலம் முடியும்வரை விளையாடலாம்.

கேள்வி: எனக்குக் கில்டு இல்லை, நண்பர்களும் இந்த விளையாட்டுகளை விளையாடுவதில்லை. தினமும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. ரெய்டுக்காக விரிவாக்கத் தொகுப்பு வாங்குவது வீண்தானா?

பதில்: கதையின் முடிவைப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கமானால் வீணில்லை. வார்கிராஃப்டில் 2011 முதல் ரெய்டு ஃபைண்டர் இருக்கிறது, ஃபைனல் ஃபேண்டஸி 14இல் மூன்று எட்டுகள் சேர்ந்த 24 பேர் கூட்டணி ரெய்டு இருக்கிறது; இரண்டிலும் விளையாட்டே அந்நியர்களைச் சேர்த்துத் தரும். டிபிஎஸ்ஸாக வரிசையில் நின்றால் உங்கள் ஒரு மணி நேரத்தில் பாதி காத்திருப்பிலேயே போய்விடலாம், ஹீலரானால் விரைவில் கூப்பிடுவார்கள். சவால்தான் வேண்டும் என்றால் இந்த வகை ரெய்டு உங்களுக்குச் சப்பென்று இருக்கும். அப்போது வார்கிராஃப்டின் ஐந்து பேர் டஞ்சன்களில் (சிறு குழுச் சண்டைகளில்) உங்கள் ஒரு மணி நேரத்தைச் செலவிடுங்கள்.

கேள்வி: பணம் கொடுத்தால் தங்கள் குழுவோடு சேர்த்து இழுத்துச் சென்று கடைசிப் பாஸின் லூட்டை வாங்கித் தருவதாக ஒரு தளம் சொல்கிறது. என் பாஸ்வேர்டையும் கேட்கிறது. நம்பலாமா?

பதில்: கூடாது. உண்மைப் பணத்துக்கு இவ்வாறு இழுத்துச் செல்வதும், கணக்கைப் பிறர் கையில் கொடுப்பதும் விதிமீறல்கள். பணத்தோடு பல ஆண்டு உழைத்த கேரக்டரும் சேர்ந்து போகலாம். வார்கிராஃப்டில் 2022 ஜனவரி இறுதியிலிருந்து, இந்தச் சேவையையே தொழிலாக நடத்தும் அமைப்புகள், விளையாட்டுத் தங்கத்தை மட்டுமே பெற்றாலும், தடைக்கு உள்ளாகின்றன. ஏற்கெனவே பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் இதைப் படித்து முடிக்குமுன் மாற்றிவிட்டு, நுழையும்போது கூடுதல் குறியீடு கேட்கும் ஆத்தென்டிகேட்டரையும் இணைத்துவிடுங்கள்.