பெண் எலியை ஒதுக்கலாமா?

கேள்வி: பிஎச்.டி. முதல் வருடம். கீழாநெல்லிச் சாறு சர்க்கரையைக் குறைக்கிறதா என்று விஸ்டார் எலிகளில் (ஆய்வக எலி இனம்) பார்க்கப் போகிறேன். "பெண் எலிக்கு ஹார்மோன் ஏறி இறங்கும், ரீடிங் சிதறும், ஆண் எலி மட்டும் வாங்கு" என்கிறார்கள் சீனியர்கள். கேட்கலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம். ஹார்மோன் சுழற்சியைப் பார்க்காமல் சோதித்த பெண் சுண்டெலிகளின் அளவீடுகள்கூட ஆண்களுடையதைவிட அதிகம் சிதறவில்லை என்று, 293 கட்டுரைகளைத் தொகுத்து 2014-லேயே காட்டிவிட்டார்கள். ஆண்-பெண் வித்தியாசத்தைத் தாமதமாகக் கவனிப்பதற்கு ஓர் உதாரணம்: சோல்பிடெம் தூக்க மாத்திரைக்கு 1992-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெண்கள் உடலிலிருந்து மெதுவாகக் கழிகிறது, மறுநாள் காலையிலும் ரத்தத்தில் நிற்கிறது என்று அவர்களுக்கான அளவை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆக்கியது 2013-ல்தான்.

எலிகளை இரட்டிப்பாக்கத் தேவையில்லை. குழுவுக்கு 12 என்றால் 6 ஆண், 6 பெண். நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலேயே அப்படி எழுதுங்கள். "ஆணில் பலித்தது, பெண்ணில் பலிக்கவில்லை" என்று இரண்டு பி-மதிப்புகளை (புள்ளியியல் சோதனை முடிவுகளை) தனித்தனியே வைத்து எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டுவீர்கள். பாலினமும் மருந்தும் சேர்ந்த இடைவினையைத்தான், அதாவது மருந்தின் பலன் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடுகிறதா என்பதைத்தான், சோதிக்க வேண்டும். ஆறு ஆறு எலியில் பெரிய வித்தியாசம் மட்டுமே அதில் தெரியும்.

உண்மையான கண்ணி ஸ்ட்ரெப்டோசோடோசின், அதாவது எலிக்குச் சர்க்கரை நோய் வரவழைக்கப் போடும் ரசாயனம். அதே டோஸில் பெண் எலிகளுக்குச் சர்க்கரை குறைவாகவே ஏறும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைக் காக்கிறது. முதலில் சில எலிகளில் இரு பாலுக்கும் டோஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிஎச் 4.5 சிட்ரேட் பஃபரில் கரைத்த கையோடு ஊசி போடுங்கள், வைத்தால் சிதையும். 72 மணி நேரம் கழித்து அளந்து, சர்க்கரை ஏறியவற்றை மட்டும் ஆண், பெண் எனத் தனித்தனியே குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் ஏறாத சர்க்கரையைச் சாறு இறக்கியதாக எழுதிவிடுவீர்கள்.

சுழற்சி 4-5 நாள். பார்க்க விரும்பினால் தினமும் காலை ஒரே நேரத்தில் 10-20 மைக்ரோலிட்டர் சலைனை (உப்புநீரை) யோனி வாயில் விட்டு உறிஞ்சி ஸ்லைடில் வையுங்கள். சுழற்சியின் நான்கு கட்டங்களும் அதில் தெரியும். உட்கரு தெரியும் உருண்டைச் செல்கள் புரோஈஸ்ட்ரஸ். உட்கருவற்ற, சருகு போன்றவை ஈஸ்ட்ரஸ் (இணை சேரும் கட்டம்). வெள்ளணுக்களே நிறைந்தால் டைஈஸ்ட்ரஸ். எல்லாம் கலந்திருந்தால் மெட்ஈஸ்ட்ரஸ். பிப்பெட் நுனி ஆழமாகப் போனால் கருப்பை வாய் தூண்டப்பட்டுப் பொய்க்கர்ப்பம் வரும், இரண்டு வாரம் வெள்ளணுவைத் தவிர எதுவும் தெரியாது. கையாளும் விதம் இரு பாலுக்கும் ஒன்றாக இருக்க, ஆண் எலிகளையும் அதே நேரத்தில் கையில் எடுத்து விடுங்கள்.

நம் பக்கம் கரண்ட் போய் வந்தால் எலி அறை விளக்கின் டைமர் தடுமாறும். இரவிலும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் சில வாரங்களில் எலிகள் ஈஸ்ட்ரஸிலேயே நின்றுவிடும். பேட்டரி உள்ள டைமரே வாங்குங்கள்.

கேள்வி: தஞ்சாவூரில் மாலை 4 மணிக்கு ரத்தம் கொடுத்தேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று வந்தது. ஊசி போட்டுக்கொள்ளலாமா?
- வாசகர், பாபநாசம்

பதில்: அதன் உச்சம் காலையில். முதல் பஸ்ஸைப் பிடித்து, வெறும் வயிற்றில் 7-லிருந்து 10 மணிக்குள் கொடுங்கள். வேறொரு நாளும் அப்படியே. இரண்டிலும் குறைவென்றால் டாக்டரைப் பாருங்கள். முடிக்காக பயோட்டின் (ஒரு வைட்டமின்) சாப்பிட்டால் லேபில் சொல்லுங்கள், சில கருவிகளில் அளவைக் கூட்டிக் காட்டும். குழந்தை வேண்டுமென்றால் ஊசி கூடவே கூடாது: ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும்.