கிரில் சாவி எங்கே இருக்கிறது?

கேள்வி: போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கேஸ் கசிந்து தீப்பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை; ஆனால் சமையலறை முழுக்கக் கருகிவிட்டது. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. நாங்கள் மாடிவீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு மாமியார். திருட்டுப் பயத்தால் இரவில் மாடிப்படி கிரில்லைப் பூட்டிவிடுவோம். வீட்டுக்கு எந்தத் தீயணைப்பான் வாங்கலாம்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: தீயணைப்பானைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது. கிரில்லைப் பூட்டுகிறீர்கள், சரி. சாவி எங்கே இருக்கிறது? கணவரின் தலையணைக்கு அடியிலா, பீரோவிலா? நள்ளிரவில் மின்சாரமும் போய், புகையும் சூழ்ந்த பிறகு உங்கள் மூத்த பிள்ளை அதைத் தேடி எடுத்துவிடுமா?

திருடனை மனத்தில் வைத்தே வீடு கட்டுகிறவர்கள் நாம். ஜன்னலுக்கெல்லாம் கம்பி, பால்கனிக்குக் கூண்டு. யாரும் உள்ளே வரமுடியாத வீட்டிலிருந்து யாரும் வெளியேறவும் முடியாது என்பது பூட்டும்போது நினைவுக்கு வருவதில்லை. வீட்டுத் தீயில் பலரைச் சாய்ப்பது தழல் அல்ல, புகை. கிரில்லுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி அடியுங்கள். வெளியிலிருந்து கைவிட்டால் எட்டக் கூடாது. பிள்ளைகளுக்கு எட்ட வேண்டும். சாவியும் ஒரு டார்ச்சும் அங்கேயே தொங்கட்டும். ‘அவசரத்துக்கு எடுத்தேன்’ என்று யாரும் இடம் மாற்றக் கூடாது. புகை வந்தால் நிமிர்ந்து ஓடாமல் தவழ்ந்து வரவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தரையோரம்தான் காற்று கொஞ்சம் மிச்சமிருக்கும்.

மாமியாரை யார் கைபிடித்து இறக்குவது? இதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அவருடைய கட்டில் படிக்கட்டுக்குப் பக்கத்து அறையில் இருந்தால் நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரும் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். அப்படியே படிக்கட்டின் அடியையும் பாருங்கள். அங்கே யாராவது மின்சார ஸ்கூட்டரை இரவெல்லாம் சார்ஜில் போட்டிருந்தால், சண்டை வந்தாலும் பரவாயில்லை, வேறிடம் மாற்றச் சொல்லுங்கள். அந்த பேட்டரி எரிந்தால் புகை நேரே படிக்கட்டில்தான் ஏறும். உங்களுக்கு இருப்பதோ அந்த ஒரே வழி.

இனி கேஸ். எரிவாயுவுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். வயதானவர்களுக்கு மோப்பம் மங்கியிருக்கும். ‘அத்தை வீட்டில்தானே இருந்தார்’ என்று நம்பிவிடாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவும். நாற்றம் வந்தால் விளக்கு, மின்விசிறி எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி உண்டு. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே போன பிறகு 1906 எண்ணுக்குப் பேசுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண் அது.

ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். ‘சி 27’ என்றிருந்தால் 2027 ஜூலை முதல் செப்டம்பருக்குள் மறுசோதனை செய்ய வேண்டும் என்று பொருள். கெடு தாண்டியதைக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். கசிவு இருக்கிறதா என்று பார்க்க சோப்பு நுரை போதும். தீக்குச்சி உரசிப் பார்க்கும் சூரர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் பெரியப்பா அவர்களில் ஒருவர்.

வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. அடுப்பை அணைத்து, பக்கவாட்டிலிருந்து ஒரு தட்டை நகர்த்தி மூடுங்கள். பூஜை அலமாரியில் விளக்குக்கு நேர் மேலே சாமி காலண்டர் தொங்குகிறதா? பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதைக் கழற்ற மாமியாரிடம் நீங்கள்தான் பக்குவமாகப் பேச வேண்டும்.

நீங்கள் கேட்ட தீயணைப்பான்: ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, ‘ஏபிசி’ வகை (திடப்பொருள், எண்ணெய் போன்ற திரவம், வாயு மூன்றின் தீக்கும் ஆனது) உலர்பொடி, 2 கிலோ போதும். கைப்பிடியில் உள்ள பூட்டு ஊசியை இழுத்து, தீயின் அடிப்பாகத்தைப் பார்த்து இடமும் வலமுமாக அடிக்க வேண்டும். சில விநாடிகளில் தீர்ந்துவிடும். ஆகவே சின்னத் தீக்கு மட்டும்தான் அது. மற்றதற்கெல்லாம் வெளியேறி, தீயணைப்புத் துறையின் 101 எண்ணை அழையுங்கள். மாதம் ஒருமுறை தீயணைப்பானின் அழுத்தமானி முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். அடுப்பை ஒட்டி மாட்டாதீர்கள். தீக்குள் கைவிட்டா எடுப்பது? சமையலறை வாசலுக்கு வெளியே மாட்டுங்கள். அதன்மேல் துடைப்பத்தையும் மளிகைப் பையையும் சாய்த்து வைக்காமல் இருந்தால் சரி.