ட்ரைவ்வேயில் நிற்கும் ட்ரெய்லர் களவு போகாமல் இருக்க என்ன பூட்டு வாங்கலாம்?

கேள்வி கேட்டவர் கனடாவின் ஸ்காபரோவில் புதிதாகப் புல் வெட்டும் தொழில் தொடங்கியிருக்கிறார். 6 அடிக்கு 12 அடி திறந்த ட்ரெய்லர். பகலில் வேலை, இரவில் வீட்டு ட்ரைவ்வே. ஒரு நல்ல பூட்டின் பெயரைச் சொல்லுங்கள் என்கிறார்.

பெயர் சொல்வதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நானும் இதே தொழில்தான், இதே ஊர்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர் மாதம். இலை அள்ளும் வேலையும் ஓய்ந்து, ட்ரெய்லரைக் கழற்றி ட்ரைவ்வேயில் விட்டிருந்தேன். ஒரு சில்லுக்குப் பளிச்சென்ற மஞ்சள் பூட்டு, நண்டுக் கால் மாதிரி இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் வகை. காலையில் வெளியே வந்தால் ட்ரெய்லர் இல்லை. பூட்டு இருந்தது. சில்லும் இருந்தது. பூட்டிய பூட்டோடு அந்த ஒற்றைச் சில்லு மட்டும் நிலத்தில் கிடந்தது. திறப்பு என் ஜாக்கெட் பையில். கள்ளன் பூட்டில் கையே வைக்கவில்லை. ஐந்து நட்டைக் கழற்றிச் சில்லைப் பூட்டோடு போட்டுவிட்டு, ட்ரெய்லரின் மூக்கில் நான் மாட்டி வைத்திருந்த ஸ்பெயர் சில்லைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறான். வழிச்செலவுக்குக் காசு கொடுத்து அனுப்பியது போல மாற்றுச் சில்லும் நானே கொடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து எந்தப் பூட்டைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, இதைத் தொடாமலே ட்ரெய்லரைக் கொண்டுபோக வழி இருக்கிறதா என்பதைத்தான். பெரும்பாலும் இருக்கும்.

சில்லுப் பூட்டு வாங்கினால் நட்டுகளை முழுதாக மூடும் தட்டு உள்ளதாக வாங்குங்கள். நட்டு கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அந்தப் பூட்டு வெறும் அலங்காரம். கூடவே ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு பூட்டு நட்டு போடலாம், அதற்கென்றே உள்ள சாவித் துண்டு இல்லாமல் கழராது. ஸ்பெயர் சில்லை ட்ரெய்லரில் வைக்காதீர்கள், வைத்தே ஆக வேண்டும் என்றால் அதையும் பூட்டுங்கள். இரண்டு அச்சு உள்ள பெரிய ட்ரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு சில்லை மட்டும் பூட்டி விட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டாம். அந்தச் சில்லைக் கழற்றி எறிந்துவிட்டு மீதி மூன்றில் ஓட்டிக்கொண்டு போய்விடுவான். ஒரே பக்கத்து இரண்டு சில்லுக்கும் ஊடாகச் சங்கிலி போடுவது அதற்குத் தேவலை.

அப்புறம் மூக்கு. ட்ரக்கின் இரும்பு உருண்டையில் போய் உட்காரும் கப்ளரைச் சொல்கிறேன். கப்ளரின் கொக்கியில் ஒரு ஓட்டை இருக்கும், பலர் அதில் ஒரு சின்னப் பூட்டைத் தொங்கவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ட்ரெய்லர் ட்ரக்கில் மாட்டியிருக்கும்போது அது சரி. கழற்றி வைத்திருக்கும்போது அதனால் பெரிய பிரயோசனம் இல்லை. உங்கள் ட்ரெய்லரிலேயே இரண்டு பாதுகாப்புச் சங்கிலி தொங்குகிறதே, அதைத் தன் ட்ரக்கில் சுற்றிக் கட்டி மெதுவாக இழுத்துக்கொண்டு நாலு தெரு தள்ளிப் போனால் போதும், மிச்சத்தை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வான். உருண்டை உட்காரும் குழியையே அடைத்துப் பூட்டுகிற வகைதான் வேண்டும். குழிக்கு 1 7/8, 2, 2 5/16 அங்குலம் என்று மூன்று அளவுகள் பொதுவாக வரும், உங்களுடையது எது என்று கப்ளரின் மேலேயே அடித்திருப்பார்கள், பார்த்து வாங்குங்கள். பூட்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். லேசாக, வார்த்த உலோகம் போல் இருந்தால் சுத்தியலால் இரண்டு அடிக்குத் தாங்காது. பாதுகாப்புச் சங்கிலிகளையும் அந்தப் பூட்டுக்குள்ளேயே அடக்க முடிந்தால் இன்னும் நல்லது.

இதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பல ட்ரெய்லர்களில் கப்ளர் இரண்டு போல்ட்டில்தான் நிற்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூட்டானாலும், அந்தப் போல்ட்டுகளைக் கழற்றிப் பூட்டோடு கப்ளரை எடுத்துவிட்டு வேறு கப்ளரை மாட்டலாம். எனக்கு வெல்டிங் தெரிந்த ஒரு அண்ணை நட்டின் மேல் ஒரு சொட்டு வெல்டு வைத்துக் கொடுத்தார். ஐந்து நிமிட வேலை. அதை முதலாவது ட்ரெய்லருக்கே செய்திருக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும் நேரத்தையும் யோசியுங்கள். ட்ரெய்லர் ட்ரக்கில் மாட்டித்தானே இருக்கிறது என்று கோப்பி வாங்க உள்ளே போவோம். ட்ரக்கின் பின்னால் உள்ள சதுரக் குழாயில் உருண்டைக் கம்பியைப் பிடித்து வைத்திருப்பது ஒரு ஊசியும் ஒரு கிளிப்பும்தான். கிளிப்பைக் கழற்றி ஊசியை உருவினால் கம்பி, உருண்டை, ட்ரெய்லர் எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். அந்த ஊசிக்குப் பதில் பூட்டு உள்ள ஊசி விற்கிறார்கள். கொக்கியில் ஒன்று, குழாயில் ஒன்று என்று இரண்டையும் போட்டு வையுங்கள். புல் வெட்டும் மெசின்களைப் பகல் வெளிச்சத்திலேயே தூக்கிப் போகிறார்கள், அது தனிக் கதை.

சங்கிலி போடுவதென்றால் சில்லின் ஆரங்களுக்குள் மட்டும் விடாமல், அச்சையோ சட்டத்தையோ சுற்றி வரவேண்டும். நிலத்தில் தொய்ந்து கிடக்கவும் கூடாது. சங்கிலி வெட்டும் கட்டரின் ஒரு கையைத் தரையில் ஊன்றி மறு கையில் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினால் தடித்த கண்ணியும் விட்டுக்கொடுத்துவிடும். காற்றில் இறுக்கமாக நின்றால் அவ்வளவு பலம் கிடைக்காது. வளையம் வெளியே தெரியாத வட்டப் பூட்டு நல்லது. சங்கிலியின் மறுமுனை எதில் முடிகிறது என்பதையும் பாருங்கள், கொங்கிறீட்டில் பதித்த இரும்பு வளையத்தில் முடிந்தால் மனம் ஆறும். இதற்கெல்லாம் மேலாக, பட்டரி கிரைண்டர் கொண்டு வருகிறவனுக்கு எல்லாப் பூட்டும் சில நிமிடக் கணக்குத்தான். ஆனால் கிரைண்டர் கத்தும், பொறி பறக்கும். இரவு இரண்டு மணிக்கு எங்கள் தெருவில் அந்தச் சத்தம் கேட்டால் எதிர்வீட்டு அம்மா திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பார். எனக்கு அவர்தான் கமரா.

நிறுத்தும் விதத்துக்குக் காசு செலவில்லை. மூக்கு ரோட்டைப் பார்த்து நின்றால், ட்ரக்கைப் பின்னுக்கு எடுத்து மாட்டிக்கொண்டு போக ஒரு நிமிடம் போதும். மூக்கைக் கராஜ் கதவுப் பக்கம் திருப்பி, பின்புறத்தை ரோட்டுக்குக் காட்டி, அதற்கு நெருக்கமாக உங்கள் ட்ரக்கைக் குறுக்கே நிறுத்துங்கள். சின்ன ட்ரெய்லரை இரண்டு பேர் கையாலேயே தள்ளித் திருப்பிவிடுவார்கள் என்பதால் ட்ரக் கட்டாயம்.

கண்காணிக்கும் கருவி பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். ஆப்பிளின் ஏர்டாக் என்ற சின்னக் கருவி 2021 ஏப்ரலில் வந்தபோது இனிப் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அதில் ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் போகிற யாராவது ஒருவரின் ஐபோன் அதைக் கண்டால்தான் இடம் தெரியும். ஊருக்குள் அது நன்றாக வேலை செய்யும், ஒதுக்குப்புறமான பண்ணை வளவுக்குள் கொண்டுபோய் விட்டால் மௌனமாகிவிடும். இன்னொன்று, தெரியாத ஏர்டாக் ஒன்று உங்களுடனேயே வருகிறது என்று கள்ளனின் போனுக்கே அறிவித்தல் போகும். ஆட்களை ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு, கள்ளனுக்கும் உதவுகிறது. எனவே அது முதல் சில மணி நேரத்துக்கான சாமான். இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் வராது, பலகைத் தளத்துக்கு அடியிலோ பின் லைட்டின் பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளோ வையுங்கள். பட்டரி ஏறக்குறைய ஒரு வருடம் வரும் என்பார்கள், நம் ஊர்க் குளிரில் அதை நம்பாமல் இலையுதிர் காலத்திலேயே மாற்றிவிடுகிறேன். சிம் போட்ட ஜிபிஎஸ் கருவிக்கு மாதக் கட்டணம் உண்டு, ட்ரெய்லர் தொழிலுக்கு என்றால் கொடுக்கலாம். எதுவானாலும் போனில் புள்ளி தெரிகிறதே என்று நீங்களே தனியாகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். பொலிஸை அழைத்து இடத்தைச் சொல்லுங்கள்.

பொலிஸ் என்றதும் என் வெட்கக்கேடு ஒன்று ஞாபகம் வருகிறது. முறைப்பாடு எழுத வந்தவர் ட்ரெய்லரை விவரிக்கச் சொன்னார். கறுப்பு நிறம், பின்னால் வலைக்கதவு என்றேன். அவர் எழுதாமல் என் முகத்தைப் பார்த்தார். இந்த ஊரில் திறந்த ட்ரெய்லர் பாதிக்கு மேல் கறுப்பு, எல்லாவற்றுக்கும் பின்னால் வலைக்கதவு! அதனால் இன்றே செய்யுங்கள்: 17 எழுத்தும் இலக்கமுமாக உள்ள அடையாள எண்ணைப் போனில் படம் எடுங்கள், உரிமைப் பத்திரத்தையும் எடுங்கள். அந்த எண் உள்ள தகட்டைக் கள்ளன் முதலில் பிய்த்துவிடுவான், எனவே சட்டத்தின் அடியில் உங்களுக்கு மட்டும் தெரிந்த இரண்டு இடங்களில் எண்ணை அடித்து வையுங்கள். ஒன்ராறியோவில் ட்ரெய்லர் பிளேட்டுக்கு வருடாவருடம் புதுப்பிப்பும் இல்லை, எனவே இதையெல்லாம் ஞாபகப்படுத்த ஒரு கடிதமும் வராது. நான் இப்போதைய ட்ரெய்லரின் கதவுச் சட்டத்துக்குச் செம்மஞ்சள் நிறம் அடித்திருக்கிறேன். பார்க்க அழகில்லை, ஆனால் நாலு தெரு தள்ளி நின்றாலும் தெரியும்.

காப்புறுதி: ட்ரக்கின் பாலிசி, இழுத்துச் செல்லும்போது மற்றவருக்கு ஏற்படும் சேதத்தைப் பார்க்கும். ட்ரெய்லரே களவு போனால் அது பாலிசியில் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். அதில் ஏற்றியிருந்த மெசின்களுக்கு வாகனப் பாலிசி பொறுப்பெடுக்காது, தொழிலுக்கான காப்புறுதி வேறாக வேண்டும். நான் இதை ட்ரெய்லர் போன பிறகுதான் ஏஜென்டிடம் கேட்டேன்.

புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாமல் பழையது தேடுகிறவர்கள் அடையாள எண்ணை முதலில் கேளுங்கள். கனடியப் பொலிஸ் தகவல் மையத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டு, களவு போனதாகப் பதிவாகியிருக்கிறதா என்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நான் ஒருமுறை பார்க்கப் போன ட்ரெய்லரில் தகடு இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் பெயிண்ட் புதிதாக மினுங்கியது. விலை நல்ல மலிவு. கோப்பி ஒன்று குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பியவன்தான்.

இனி பனிக்காலம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை எனக்கு ட்ரெய்லர் தேவைப்படாது. ஊரில் எங்கள் அப்பப்பா இரவில் மாட்டு வண்டிலின் அச்சாணியைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பாராம். நான் ட்ரெய்லரைக் கட்டைகளில் ஏற்றி, இரண்டு சில்லையும் கழற்றி, அச்சு முனைகளைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டிவிடுகிறேன். பூட்டுக்குள் பனி உறையாமல் இருக்க கிராஃபைட் தூள் கொஞ்சம். சில்லுகள் பேஸ்மென்டில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். ரயர் மணக்கிறது என்று வீட்டில் ஒவ்வொரு வருடமும் சண்டை.