அடிமனை யாருடையது?

கேள்வி: கும்பகோணத்தில் கோயிலை ஒட்டிய தெருவில் ஒரு மாடி வீடு 30 லட்சத்துக்கு வருகிறது. கையில் 10 லட்சம் இருக்கிறது. மீதிக்குக் கடன் வாங்கி, வீட்டை வாடகைக்கு விட நினைக்கிறோம். 9,000 ரூபாய் வாடகை வருமாம். 2028 மகாமகத்துக்குள் விலை இரட்டிப்பாகிவிடும் என்கிறார் தரகர். இறங்கலாமா?
- வாசகி, திருவாரூர்

பதில்: 2016-க்கு அடுத்த மகாமகம் 2028-இல்தான். தரகர் சொன்னதில் அது மட்டும் நிச்சயம். வந்த கூட்டம் குளத்தில் முழுகிவிட்டு ஊர் திரும்பிவிடும். உங்கள் தவணை இருபது வருடம் ஓடும்.

விலை பேசுவதற்கு முன், அடிமனை யாருடையது என்று கேளுங்கள். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் கோயில் மனையிலும் மடத்து மனையிலும் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் ஏராளம். கட்டடம் அவர்களுடையது, மண் சுவாமியுடையது. 'இங்கே எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்' என்று சொல்லி அந்த வீடுகளும் கைமாறுகின்றன. வாங்குகிறவருக்குக் கிடைப்பது செங்கல்லும் அடிமனை வாடகைப் பாக்கியும்தான். ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க அறநிலையத் துறைச் சட்டம் இடம் தருவதில்லை. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவும் அப்படிப்பட்ட பத்திரத்தைப் பதியக்கூடாது என்கிறது.

முப்பது வருட வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று நீட்டுவார்கள். அதில் பதிவான பரிமாற்றங்கள்தான் வரும். மண் யாருடையது என்பதை நகர நில அளவைப் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும். சர்வே எண்ணோடு கோயில் அலுவலகத்திலும் ஒரு நடை விசாரித்துவிடுங்கள். மூலப்பத்திரத்தில் 'மேல்கட்டடம் மட்டும்' என்று கண்ணில் பட்டால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

மனை சொந்தமே என்றாலும் கணக்கு உதைக்கிறது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 2.7 லட்சம். வங்கி இதற்குக் கடன் தராது. 23 லட்சம் கடன் வாங்கினால் பதிவு முடிந்ததும் உங்கள் கையில் மிஞ்சுவது 30,000 ரூபாய். 8.5 சதவீத வட்டி, இருபது வருடம் என்றால் தவணை ஏறக்குறைய 20,000. முதல் மாத வட்டி மட்டுமே 16,000-ஐத் தாண்டும். வாடகை வட்டியைக்கூடத் தொடவில்லை. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் இதற்கு மேல். நீங்களே குடியிருக்கப் போவதாக இருந்தால் நான் இவ்வளவு கறாராகப் பேசமாட்டேன்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டலாம் என்பார்கள், சம்மதிக்காதீர்கள். கடனும் குறையும், பின்னால் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து 12.5 சதவீத மூலதன ஆதாய வரியும் கூடும்.

இது வேண்டாம் என்றால், அடுத்து ஊருக்கு வெளியே நஞ்சையைத் தூர்த்துப் போட்ட மனையைக் காட்டுவார்கள். அதைச் சித்திரையில் பார்க்காதீர்கள், ஐப்பசி அடைமழையில் போய்ப் பாருங்கள். நகர ஊரமைப்பு அனுமதி இருந்தாலும், பழைய வடிகால் வாய்க்கால் எங்கே போயிற்று என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள். களிமண் பூமியில் அஸ்திவாரச் செலவும் கூடுதல்.

முன்பணம் கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால், பதிவேட்டு நகல் கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் வேண்டாம். கொடுத்திருந்தால், ஒப்பந்தத்தோடு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.