மூடுவது சரி, முந்தின நாளே சொன்னால் என்ன?

(வாசகர் கேள்வி – பதில்)

ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனால் டெம்போக்காரர் அண்ணா சாலையிலேயே இறக்கி விட்டுவிடுகிறார். முட்டி வலியோடு எவ்வளவு தூரம்தான் நடப்பது?
– ஒரு வாசகி, முதலியார்பேட்டை, புதுச்சேரி

அவர் மேல் தப்பில்லை அம்மா. ஞாயிறு என்றால் காந்தி வீதி முழுக்க சண்டே மார்க்கெட். சட்டை, செருப்பு, பழைய புத்தகம், சார்ஜர் என்று கடை விரித்திருக்கிற இடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதே கஷ்டம். அந்த ஒரு வீதி அடைபட்டால் அதில் போக வேண்டிய வண்டியெல்லாம் மேற்கே அண்ணா சாலைக்கும் கிழக்கே மிஷன் வீதிக்கும் திரும்பும், நம் ஊர் வீதிகள் கட்டம் போட்ட மாதிரி இருப்பதால் ஒரு கோடு நின்றால் பக்கத்துக் கோடு ரெண்டும் திணறிப்போகும். தீபாவளிக்கு முந்தின ஞாயிறுகளில் கேட்கவே வேண்டாம். காலையில் கடைகள் முழுசாக விரிவதற்குள் போய் வந்துவிடுங்கள், மீனும் நன்றாக இருக்கும். எனக்குச் சந்தை மேல் கோபமே கிடையாது, என் அலமாரியில் பாதி அங்கே வாங்கியதுதான். ஆனால் 'ஞாயிறு டெம்போ இங்கே வரை, அடுத்த நிறுத்தம் அங்கே' என்று ஒரு பலகை வைக்க என்ன செலவாகிவிடும்?

கடலூரிலிருந்து சென்னைக்கு முகூர்த்தத்துக்குப் போனோம். கிளாம்பாக்கத்தில் இறங்கி எப்படியோ தாம்பரம் போய்ச் சேர்ந்தால், பராமரிப்பு வேலை, மின்சார ரயில் இல்லை என்கிறார்கள். தாலி கட்டி முடித்து, பந்தியும் பாதி எழுந்த பிறகுதான் மண்டபத்துக்குள் நுழைந்தோம். ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்ததா இவர்களுக்கு?
– மஞ்சக்குப்பம் வாசகர்

சாப்பாடாவது கிடைத்ததா? சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடற்கரை – தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. இப்போது மேலே போகிற கம்பியில் 25,000 வோல்ட். அதை அணைக்காமல் கம்பி வேலைக்கு ஆள் ஏற முடியாது, தண்டவாளம் பிரிகிற இடத்தை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் மணிக்கணக்கில் வண்டியே வரக் கூடாது. இதைத்தான் 'லைன் பிளாக்' என்பார்கள். திங்கட்கிழமை காலையில் செய்தால் ஆபீஸ் போகிறவர்கள் கொதித்துவிடுவார்கள் என்று ஞாயிறு. கணக்கு சரிதான், ஆனால் ஞாயிறு கூட்டம் வேறு மாதிரிக் கூட்டம்: பட்டுப்புடவை, தாம்பூலப் பை, தூங்கிப்போன குழந்தை, எந்த நடைமேடை என்று தெரியாத வெளியூர்க்காரர்கள். தினமும் போகிறவனுக்கு மாற்று வழி தெரியும், உங்களுக்கும் எனக்கும் எங்கே தெரியும்? 2024-இல் தாம்பரம் யார்டு வேலை நடந்தபோது இதே அவஸ்தைதான்.

அடுத்த முறை சனிக்கிழமையே பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தைப் பாருங்கள், ரத்து விவரம் பெரும்பாலும் ஒரு மூலையில் இருக்கும். ரயில் இல்லையென்றால் கிளாம்பாக்கத்திலேயே மாநகரப் பேருந்து ஏறி விமான நிலையம் வரை போய், அங்கிருந்து மெட்ரோ. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினால் விழுப்புரம் வழியாக நேரே தாம்பரம், எழும்பூர் என்று போய்விடலாம், ஆனால் வேலை நடக்கிற நாளில் அந்த வண்டியும் தாமதமாகலாம், விசாரித்துக்கொண்டு ஏறுங்கள்.

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நேர் ரயில் இருந்தால் இந்த பஸ் தொல்லையே இருக்காதே?
– கிருமாம்பாக்கம் வாசகர்

இருக்காதுதான். 1879-இல் போட்ட புதுச்சேரிப் பாதை விழுப்புரத்துக்குப் போகிறது, கடலூர்ப் பாதையும் விழுப்புரத்திலிருந்தே பிரிகிறது. ரயிலில்தான் போவேன் என்று அடம்பிடித்தால் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். தவளக்குப்பத்தில் நெரிசலில் நிற்பதே தேவலை.

பீச் ரோட்டை மட்டும் தினம் மூடுகிறார்களே, அதற்கு ஏன் நீங்கள் எழுதுவதில்லை?
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

மாலை 6 மணிக்கு மூடி மறுநாள் காலை 7.30-க்குத் திறக்கிறார்கள். ஊருக்கே தெரியும், ஆட்டோக்காரரிடம் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். முன்கூட்டியே தெரிந்திருப்பதால் யாரும் ஏமாறுவதில்லை. குழந்தைகள் நடுரோட்டில் ஓடுகிற ஒரே இடம் தம்பி அது, அதன் மேல் கை வைக்காதீர்கள்!

லண்டனில் இருக்கிற மகள், சனி ஞாயிறில் சுரங்க ரயில் பாதையை மூடிவிடுகிறார்கள் என்று போனில் புலம்புகிறாள். அங்கேயுமா?
– கூத்தப்பாக்கம் வாசகி

அங்கேயும்தான். 1863-இல் ஓட ஆரம்பித்த ரயில், வயசாகிவிட்டதில்லையா. ஆனால் எந்த வாரம் எந்தத் தடம் என்று முன்னாடியே அறிவித்துவிடுகிறார்கள், பல சமயம் மாற்றுப் பேருந்தும் விடுகிறார்கள். அப்படியும் மகள் புலம்புகிறாள் என்றால், ஒரு ஞாயிறு காந்தி வீதிக்குக் கூட்டி வாருங்கள்.

ஊருக்கே வழி சொல்கிறீர்கள், நீங்கள் இப்படி மாட்டியதில்லையா?
– பெயர் வேண்டாம், அரியாங்குப்பம்

2024-இல் புதுச்சேரிப் பேருந்து நிலையத்தைப் புதுப்பிக்க மூடி, பேருந்துகளை ஏ.எஃப்.டி. பஞ்சாலைத் திடலுக்கு மாற்றியிருந்தார்கள். நான் பேப்பரில் படித்திருந்தேன், வீட்டில் எல்லோருக்கும் சொல்லியும் இருந்தேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை ராத்திரி கடலூர் பஸ் பிடிக்க ஆட்டோ ஏறி, பழக்க தோஷத்தில் "பஸ் ஸ்டாண்டு" என்றேன். அவரும் ஒரு வார்த்தை கேட்காமல் மறைமலை அடிகள் சாலைக்குக் கொண்டுபோய்த் தகரத் தடுப்புக்கு முன்னால் இறக்கி, காசை வாங்கிக்கொண்டு, "திடலுக்குப் போகணுமா சார்? ஏறுங்க, தனி சார்ஜ்" என்றார். ஏறினேன்.