சாம்சங் ஏ16 வாங்குவதா, ரெட்மி நோட் 14 வாங்குவதா?

கேள்வி: நான் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அருகிலுள்ள பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன். பழைய போனில் இடம் நிரம்பிவிட்டது. வட்ஸ்அப் திறக்கவே நேரம் எடுக்கிறது. பாடக் குறிப்புகளையும் பிள்ளைகளின் விடைத்தாள்களையும் படம் எடுத்து அனுப்புவது, மாலையில் என் மகன் சூம் வகுப்பு பார்ப்பது, வங்கிச் செயலி, இவைதான் என் பாவனை. டயலொக், மொபிடெல் இரண்டு சிம்மும் வேண்டும். மட்டக்களப்பு நகரக் கடைகளில் ஏறி இறங்கி, சாம்சங் கெலக்ஸி ஏ16, ரெட்மி நோட் 14 இரண்டில் ஒன்று என்ற நிலைக்கு வந்திருக்கிறேன். கடைக்காரர் ரெட்மிதான் எல்லாவற்றிலும் கூட என்கிறார். கட்டாரில் இருக்கும் தம்பி, அங்கிருந்தே ஒன்று வாங்கி அனுப்பவா என்று கேட்கிறான். குறைந்தது நான்கு வருடமாவது பாவிக்க வேண்டும். எதை வாங்கலாம்?

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ரெட்மிதான் முன்னால் நிற்கும். கமெரா அங்கே 108 மெகாபிக்சல், இங்கே 50. திரை அங்கே விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கும், இங்கே 90 முறை. பற்றரிக் கொள்ளளவு அங்கே 5500 எம்ஏஎச் (mAh), இங்கே 5000. சார்ஜ் அங்கே 33 வாட், இங்கே 25. இவ்வளவும் உண்மை. ஆனாலும் உங்கள் கடிதத்தை வைத்துச் சொல்வதானால், என் தெரிவு ஏ16தான். இந்த எண்களில் எதுவும் உங்கள் வேலையைத் தொடவில்லை. உங்கள் வேலையைத் தொடுகிற இரண்டு மூன்று விடயங்களோ பெட்டியில் எழுதப்பட்டிருப்பதில்லை.

முதலில் ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். ஏ16 என்ற பெயரில் இரண்டு போன்கள் இருக்கின்றன: ஒன்று 4ஜி, மற்றது 5ஜி. ரெட்மி நோட் 14 என்ற பெயரிலும் அப்படியே. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பவை வேறு. நான் மேலே சொன்ன ரெட்மி எண்கள் 4ஜி போனுக்கு உரியவை. அதன் 5ஜி வடிவத்தில் பற்றரி 5110தான், சார்ஜ் 45 வாட், போனின் மூளையான சிப்பும் வேறு. யூடியூபில் நீங்கள் பார்க்கும் விமர்சனம் ஒன்றைப் பற்றியதாகவும், கடையில் கையில் தருவது மற்றதாகவும் இருக்கலாம். விலை கேட்கும்போதே "4ஜியா, 5ஜியா, ரம் எத்தனை, ஸ்டோரேஜ் எத்தனை" என்று நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். ரம் என்பது செயலிகள் இயங்கும்போது பாவிக்கும் தற்காலிக நினைவகம்; ஸ்டோரேஜ் என்பது படங்களும் செயலிகளும் தங்கும் சேமிப்பிடம். ஒரு கடையில் ஐயாயிரம் ரூபா குறைவு என்று தெரிந்தால், பெரும்பாலும் அது மலிவாக இருக்காது. வேறு போனாக இருக்கும். 5ஜி என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டு முற்றத்திலும் பாடசாலையிலும் 4ஜி சமிக்ஞை எந்த வலையமைப்பில் நன்றாக வருகிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். அது உங்களுக்கே தெரிந்திருக்கும். இரண்டு சிம் கேட்பதே அதனால்தானே.

4ஜி வடிவங்களையே எடுத்துக்கொள்வோம். ஏ16இல் இருப்பது மீடியாடெக் ஹீலியோ ஜி99 சிப். ரெட்மி நோட் 14இல் இருப்பது ஹீலியோ ஜி99 அல்ட்ரா. பெயரில் ஒரு சொல் கூடுதலே தவிர, இரண்டும் ஒரே குடும்பம். வட்ஸ்அப், சூம், வங்கிச் செயலி என்ற பாவனையில் வேக வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது. தெரியப்போவது ரம் அளவு. இங்கே கடைகளில் "8+8, மொத்தம் 16 ஜிபி ரம்" என்று ஒட்டி வைத்திருப்பார்கள். முதல் எட்டுத்தான் உண்மையான ரம். இரண்டாவது எட்டு, போனின் சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கி ரம் போலப் பாவிப்பது. அது உண்மையான ரம்மை விடப் பல மடங்கு மெதுவானது. அந்த அளவு சேமிப்பிடமும் உங்களுக்குக் குறையும். ஆகவே கூட்டல் குறிக்கு முன்னால் உள்ள எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். "4+4" என்று எழுதிய ஏ16ஐயும் "8+8" என்று எழுதிய ரெட்மியையும் வைத்து எது மலிவு என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை. நான்கு வருடத்துக்கு என்றால் 8 ஜிபிக்குக் குறைய வேண்டாம்.

கமெராவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் 108 என்ற எண்ணைப் பார்த்துத்தான் மனம் மாறுகிறார்கள்.

வழமையான முறையில் படம் எடுக்கும்போது, 108 மெகாபிக்சல் கமெரா பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்பதை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. 50 மெகாபிக்சல் கமெரா நான்கை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படத்தைத் தருகிறது. வெளிச்சம் குறைவான இடத்தில் படம் கறையில்லாமல் வருவதற்காக இரண்டு நிறுவனங்களும் இப்படிச் செய்கின்றன. முழு 108ஐயும் பாவிக்கத் தனித் தெரிவு உண்டு. ஆனால் அந்தப் படம் மிகப் பெரிதாக இருக்கும், சேமிப்பிடத்தை விழுங்கும். அதற்குமேல், வட்ஸ்அப் அனுப்பும்போது எந்தப் படத்தையும் சுருக்கிவிடும். விடைத்தாளைத் தெளிவாக அனுப்ப வேண்டுமானால், அனுப்பும் முன் மேலே தெரியும் உயர்தரத் தெரிவை அழுத்துங்கள், அல்லது ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். இதைச் செய்தால் உங்கள் பழைய போனில்கூடப் படம் முன்னேறும்.

பிறகு எப்படித் தெரிவு செய்வது? கடைக்குப் போகும்போது ஒரு பாடநூலையும், பிள்ளை ஒன்று பென்சிலால் எழுதிய விடைத்தாளையும் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். மேசையில் வைத்து, கடையின் மின்குமிழ் வெளிச்சத்தில், இரண்டு போன்களாலும் ஒரே உயரத்தில் இருந்து, ஒரு முழுப் பக்கத்தைப் படமெடுங்கள். பின்னர் இரு விரலால் விரித்துப் பாருங்கள். பக்கத்தின் நடுவை எல்லாப் போன்களும் தெளிவாக எடுக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது நான்கு மூலைகளை. அங்கே மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறதா? ணகரத்தின் சுழிகள் பிரிந்து தெரிகின்றனவா, இல்லை ஒரு கறுப்புத் திட்டாகச் சேர்ந்துவிட்டனவா? பென்சில் எழுத்து வெளிறிக் காகிதத்தோடு கலந்துவிட்டதா? போனை ஏந்திய கையின் நிழல் விழும் பக்கத்தில் எழுத்து எப்படி இருக்கிறது? ஐந்து நிமிடம் செலவழித்து இதைப் பார்த்தால், எந்த விமர்சகரும் உங்களுக்குச் சொல்லித் தராததை நீங்களே தெரிந்துகொள்வீர்கள். நல்ல கடைக்காரர் இதற்குத் தடை சொல்ல மாட்டார். தடை சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

தான்தோன்றீஸ்வரர் ஆலயத் தேர் அசைவதை இரவில் படமெடுப்பதற்கு இந்த விலையில் உள்ள எந்தப் போனிடமும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது, நான் ஏ16 பக்கம் சாய்வதற்கான முதற்காரணம். இந்தப் போனுக்கு ஆறு அன்ட்ரொய்ட் பதிப்புகளும், ஆறு வருடப் பாதுகாப்பு அப்டேட்டும் தருவதாகச் சாம்சங் உறுதி கொடுத்திருக்கிறது. ரெட்மி நோட் 14க்குக் கிடைப்பது இதைவிடக் குறுகிய காலம். "அப்டேட் வராவிட்டால் என்ன, போன் வேலை செய்யும்தானே" என்று பலர் கேட்கிறார்கள். வேலை செய்யும். ஆனால் அப்டேட் நின்ற நாளிலிருந்து கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டையும் அந்தப் போனில் அடைபடாமலே கிடக்கும். வங்கிச் செயலியும், வங்கி அனுப்பும் இரகசிய இலக்கமும் ஒரே போனில் இருக்கின்றன. சம்பளம் வந்து விழும் கணக்கு அது. காலம் போகப் போக, செயலிகளே பழைய பதிப்புகளைக் கைவிடுகின்றன. 2025 ஜனவரி 1ஆம் திகதி முதல் வட்ஸ்அப், அன்ட்ரொய்ட் 5க்கு முந்திய போன்களில் இயங்குவதை நிறுத்திக்கொண்டது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த வருடக் கணக்கு நீங்கள் வாங்கும் நாளிலிருந்து தொடங்குவதில்லை; போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. ஏ16 வெளிவந்தது 2024 இறுதியில். எனவே அதன் ஆறு வருடம் 2030 இறுதியோடு முடிகிறது. விலை குறைந்திருக்கிறது என்று பழைய மாதிரி ஒன்றைக் கடைக்காரர் நீட்டினால், அது எப்போது வெளிவந்தது என்று தேடிப் பார்த்து, மிஞ்சியிருக்கும் வருடங்களை எண்ணி, விலையை அந்த வருடங்களால் பிரித்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்தது விலை கூடியதாக மாறிவிடும்.

அடுத்தது சிம். இரண்டு போன்களிலும் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம்தான். டயலொக்கும் மொபிடெலும் போட்டுவிட்டால் கார்டுக்கு இடமில்லை. கடையில் சிம் தட்டை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், விளங்கும். "பிறகு கார்டு போட்டுக்கொள்ளலாம்" என்று 128 ஜிபி வாங்கினால், இன்னும் இரண்டு வருடத்தில் இப்போதைய சிக்கலுக்கே திரும்பி வருவீர்கள். பாடசாலைக் குழுக்களில் வந்து குவியும் காணொளிகள் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 256 ஜிபியே வாங்குங்கள், இரண்டில் எதுவானாலும்.

பற்றரியில் 500 கூடுதல் என்பது நாள் முடிவில் சிறிய வித்தியாசம்தான். சார்ஜர்தான் கேட்க வேண்டிய விடயம். சாம்சங் பெட்டியில் சார்ஜர் இருக்காது, வயர் மட்டுமே வரும். நல்ல 25 வாட் சார்ஜரின் விலையையும் சேர்த்தே ஏ16இன் விலையைக் கணக்கிடுங்கள். வீதியோரத்தில் விற்கும் மலிவான சார்ஜரை நான்கு வருடம் பாவிக்க நினைக்கும் போனில் செருகாதீர்கள். நம் பகுதியின் வெப்பமே பற்றரிக்குப் பெரும் எதிரி; ஜன்னலோர வெயிலிலும், தலையணைக்கு அடியிலும் வைத்துச் சார்ஜ் போடுவதைத் தவிர்த்தாலே அதன் ஆயுள் கூடும்.

திரையைக் கடைக்குள் நின்று ஒப்பிட வேண்டாம். இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசல்படிக்கு வந்து, வெயிலில் ஒரு நீண்ட செய்தியை வாசித்துப் பாருங்கள்.

ரெட்மிக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அதில் இரண்டு ஒலிபெருக்கிகள், ஏ16இல் ஒன்றுதான். அதில் பழைய வகை ஹெட்போன் துளை இருக்கிறது, ஏ16இல் இல்லை. மகன் சூம் வகுப்பைக் காதில் ஏதும் மாட்டாமல் கேட்பவராக இருந்தால், மழை தகரத்தில் கொட்டும் மாலையில் இது பெரிய வித்தியாசம். வகுப்புத்தான் வீட்டின் முதன்மையான பாவனை, வங்கிச் செயலி வேறு போனில் இருக்கிறது என்றால், நானே ரெட்மியை வாங்கச் சொல்லியிருப்பேன். உங்கள் நிலை அதுவல்ல. ஏ16க்கு டைப்-சி ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

கட்டாரிலிருந்து தம்பி அனுப்புவது பற்றி. அங்கே விலை குறைவாக இருந்தால் ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்த உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். சாம்சங் போன்கள் சிலவற்றில், எந்தப் பிராந்தியத்துக்காகச் செய்யப்பட்டதோ அந்தப் பிராந்தியச் சிம்மைத்தான் முதலில் ஏற்கும் என்ற பூட்டும் உண்டு. பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளில் அது எழுதப்பட்டிருக்கும். அப்படியான போனைத் தம்பி அங்கேயே திறந்து, தன் சிம்மைப் போட்டு ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசிவிட்டு அனுப்ப வேண்டும். பெட்டியைப் பிரிக்காமல் புதிதாகவே அனுப்புகிறேன் என்று அன்போடு அனுப்பி, இங்கே சிம் ஏற்காமல் அலைபவர்கள் உண்டு. இவ்வளவு கரைச்சலுக்கும் ஈடாகும் அளவுக்கு விலை குறைந்தால் மட்டும் அந்த வழியை யோசியுங்கள். தம்பி அந்தப் பணத்தை அனுப்ப, நீங்கள் இங்கே வாங்குவது எனக்கு நல்லதாகப் படுகிறது.

வாங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். பணம் கொடுக்கும் முன் போனைத் திறந்து *#06# அழுத்துங்கள். திரையில் வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணும் (போனின் தனி அடையாள எண்), பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு உங்கள் பழைய போனிலிருந்து, ஐஎம்ஈஐ என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளை (IMEI) அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அந்தப் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். இரண்டு சிம்முக்கும் இரண்டு எண்கள் இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

உத்தரவாதம் என்று சொன்னால் யாருடையது என்று கேளுங்கள்: நிறுவனத்தினுடையதா, கடையினுடையதா? பழுதானால் மட்டக்களப்பிலேயே பார்ப்பார்களா, 300 கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்புக்கு அனுப்புவார்களா, அனுப்பினால் செலவு யாருடையது? பதிலை வாயால் சொல்வதோடு விடாமல் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டில் மாதிரிப் பெயர், ரம், ஸ்டோரேஜ், ஐஎம்ஈஐ, திகதி எல்லாம் இருக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் சட்டக் கடமை. மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் அறிவிக்கலாம். தவணை முறையில் வாங்குவதானால் மாதக் கட்டணத்தைப் பார்க்காமல், கடைசித் தவணை வரை கட்டும் மொத்தத் தொகையைக் கேட்டு, கைக்காசு விலையோடு ஒப்பிடுங்கள்.

பழைய போனைக் கொடுத்து விலையைக் குறைக்கலாம் என்று கடையில் சொன்னால், அன்றைக்கே கொடுத்துவிட வேண்டாம். புதிய போனில் வட்ஸ்அப் செய்திகள் முழுவதும் வந்து சேர்ந்து, வங்கிச் செயலி திறந்து ஒரு கொடுப்பனவு செய்து பார்த்த பிறகு, பழையதிலிருந்து உங்கள் கணக்குகளை நீக்கி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மறுவாரம் மண்முனைப் பாலத்தைக் கடக்கும்போது கொண்டுபோய்க் கொடுங்கள்.