மதிப்பெண் போட்டது யார்? தலைமைத்துவ ஆய்வு பற்றிய கேள்வி பதில்

தேன்மொழி, தெம்பனிஸ்: அக்கா, ஹெச்ஆர் சர்வேயில் என் டீமுக்கு ‘உளவியல் பாதுகாப்பு’ 5க்கு 3.8 என்று வந்திருக்கிறது. நல்லதா?

உளவியல் பாதுகாப்பு என்றால், தவறையோ சந்தேகத்தையோ பயமில்லாமல் டீமில் சொல்ல முடிவது. ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு கேள்விக்கு ஐந்து பேர் 4, 4, 4, 4, 3 போட்டாலும் சராசரி 3.8தான், 5, 5, 5, 2, 2 போட்டாலும் அதேதான். இரண்டாவது டீமில் மேனேஜருக்கு வேண்டியவர் மூவர், வேண்டாதவர் இருவர் இருக்கக்கூடும். அதனால் ஆய்வாளர்கள் சராசரியை நம்புமுன் கருத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். விடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் வேரியன்ஸை 2ஆல் வகுத்து (5 புள்ளி அளவுகோலுக்கு அதுதான் கணக்கு) 1இலிருந்து கழிக்க வேண்டும். முதல் டீமுக்கு 0.9 வரும். இரண்டாவதில் வேரியன்ஸ் 2.7, கழித்தால் சுழியத்துக்குக் கீழே போகும், 0 என்றே வைத்துக்கொள்வார்கள். 0.7ஐத் தாண்டினால்தான் அதை டீமின் எண் என்று சொல்வது வழக்கம்.

ஹெச்ஆரிடம் இந்தக் கணக்கை மட்டும் கேளுங்கள், தனித்தனி விடைகளைக் கேட்காதீர்கள். ஐந்து பேர் டீமில் வயதும் பிரிவும் சேர்ந்தாலே யார் எழுதியது என்று தெரிந்துவிடும். அடுத்த முறை எல்லாரும் 4 போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ரவி, துவாஸ்: பட்டறையில தப்பு நடந்தா யாரும் வாயே திறக்கிறதில்லக்கா. வேலை தொடங்குமுன்ன நடக்கிற டூல்பாக்ஸ் மீட்டிங்ல “ஏதாச்சும் பிரச்சினையா”ன்னு கேட்டா, “ஓகே பாஸ்”தான். நம்ம நாடுகள்ல அதிகார இடைவெளி அதிகம், அதான் இப்படின்னு ட்ரெய்னர் சொல்றார்.

அதிகார இடைவெளி என்றால், மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை மக்கள் இயல்பென்று ஏற்கும் அளவு. நாட்டுப் பண்பாடுகளை ஒப்பிட்ட டச்சு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட்டின் அட்டவணையில் அதற்குச் சிங்கப்பூருக்கு 74, இந்தியாவுக்கு 77 என்பது உண்மை. ஐபிஎம் ஊழியர்களிடம் 1970ஐ ஒட்டி எடுத்த சர்வேயிலிருந்து பிறந்த நாட்டுச் சராசரி அது. அதைத் தனி மனிதர் நெற்றியில் ஒட்டக்கூடாது. உங்கள் பட்டறைத் தொழிலாளியின் ஒர்க் பெர்மிட் முதலாளி கையில், ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் பாக்கி. பேசாமல் இருப்பது பண்பாடு இல்லை, கணக்கு.

ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் ஏமி எட்மன்சன் 1996இல் வெளியிட்ட மருத்துவமனை ஆய்வு உங்களுக்குப் பொருந்தும். நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் மறைக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே நீங்கள் மாற்றத்தைத் தொடங்கினால் முதலில் பதிவாகும் தவறுகளின் எண்ணிக்கை ஏறும். அந்த நேரத்தில் மேலிடம் ‘விபத்தே இல்லாத மாதம்’ போனஸை வெட்டினால் வேலை கெட்டது. அந்த போனஸே மௌனத்துக்குக் கொடுக்கும் கூலி என்பது என் கருத்து.

பொதுவாகக் கேட்காதீர்கள். “நேத்து எந்த கிளாம்ப் சரியா இறுகல?” என்று கேளுங்கள். சூப்பர்வைசர் கடைசியில் பேசட்டும். முதலில் வந்த புகாரை அன்றைக்கே சரிசெய்து, சொன்னவர் பெயர் இல்லாமல், மறுநாள் காலை எல்லார் முன்னாலும் அறிவியுங்கள். இது தவறினால் மற்றவை எதுவும் பலிக்காது.

சித்ரா, செங்காங்: பகுதிநேர எம்பிஏ. அலுவலகத்தில் 120 பேரிடம் ஒரே படிவத்தில் மேனேஜரின் தலைமைத்துவத்தையும் வேலைத் திருப்தியையும் கேட்டுத் தொடர்பு பார்க்கலாமா?

தொடர்பு கட்டாயம் வரும், அதுதான் சிக்கல். ஒரே ஆள், ஒரே மனநிலை, ஒரே பத்து நிமிடம். இரண்டு விடையும் சேர்ந்தே ஏறி இறங்கும். தலைமைத்துவக் கேள்விகளை இப்போது கேளுங்கள், திருப்தியை நான்கு முதல் ஆறு வாரம் கழித்துக் கேளுங்கள். இன்னும் நல்லது, விளைவை வேறிடத்திலிருந்து எடுப்பது: வருகைப் பதிவு, வேலையை விட்டுப் போனவர் எண்ணிக்கை. இரண்டு படிவங்களையும் இணைக்க, அம்மா பெயரின் முதல் எழுத்தும் பிறந்த மாதமும் கைபேசியின் கடைசி இரண்டு எண்ணும் போதும். அடையாள அட்டை எண்ணைத் தொடாதீர்கள். இரண்டாம் சுற்றில் ஆட்கள் குறைவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அந்த 120 பேரும் ஆறு மேனேஜர்களுக்குக் கீழே என்றால், தலைமைத்துவம் பற்றி உங்களிடம் இருப்பது ஆறு எடுத்துக்காட்டுதான். பல அலுவலகங்களிலிருந்து மேனேஜர்களைத் திரட்டுங்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு ஒப்புதல் தருமுன் ஒரு படிவம்கூட வெளியே போகக்கூடாது.

ஊழியர்களை ஊக்கப்படுத்தி மாற்றும் ‘டிரான்ஸ்ஃபர்மேஷனல்’ தலைமையை அளக்க 45 கேள்விகள் கொண்ட எம்எல்கியூ என்ற படிவம் உண்டு. அதற்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். வான் நிப்பன்பெர்க், சிட்கின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2013இல் எழுப்பிய ஆட்சேபத்தையும் படியுங்கள். “என் தலைவர் ஊக்கப்படுத்துகிறார்” என்ற வரியில் விளைவு ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. காரணத்துக்குள் விளைவை வைத்துவிட்டு இரண்டுக்கும் தொடர்பு தேடுவதில் என்ன பயன்?

ஹக்கீம், யீஷூன்: 360 டிகிரி மதிப்பீடு உண்மையில் உதவுமா?

மேலதிகாரி, சக ஊழியர், கீழே வேலை செய்பவர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒருவரைப் பற்றிக் கருத்து வாங்கும் முறை இது. சில நேரம்தான் உதவும். குளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்ட கட்டுரையில், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேர்வுகளில் கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ‘என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்’ என்பதற்குத் தாவினால் அப்படி ஆகும். வேலையைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லுங்கள். போனஸோடு இணைக்காதீர்கள்.

ஒரு வாசகி, பாசிர் ரிஸ்: இந்தத் துறையில் முனைவர் பட்டம் இங்கேயே முடியுமா?

முடியும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், எஸ்எம்யூ (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்), இன்சியாட் வணிகப் பள்ளி நான்கும் இருக்கின்றன. வேறு பண்பாட்டு மக்களோடு நன்றாகச் செயல்படும் திறனான பண்பாட்டு அறிவுத்திறன் பற்றி 2003இல் கிறிஸ்டஃபர் ஏர்லியுடன் நூல் எழுதிய சூன் ஆங் நன்யாங் பேராசிரியர்தான். விண்ணப்பத்தில் ‘தலைமைத்துவத்தில் ஆர்வம்’ என்று எழுதினால் எடுபடாது. எந்த நிலையில், யாருக்கு, ஏன் என்று ஒரே கேள்வியாகக் குறுக்கி எழுதுங்கள். அதற்கு முன் புள்ளியியலைத் துலக்கிக்கொள்ளுங்கள்.